கடலில் வகுப்பு உண்டோ?

கடலுக்கு ஏழை, செல்வர் என்ற வேற்றுமை இல்லை என்று நம் மக்கள் சொல்வதுண்டு. பேரலை எழுந்தால் ஓடமும் போகும், ஓடக்காரனும் போவான், அதில் ஏறிய மிராசுதாரும் போவார் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும். அலைக்கு வகுப்பு இல்லை, கப்பலுக்கு உண்டு. அலை வந்து மோதும் வேளையில் யார் எந்தத் தளத்தில் இருந்தார் என்பதே பலருடைய ஆயுளை முடிவு செய்திருக்கிறது.

இரயில்வேயில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வரும் எமக்கு ‘வகுப்பு’ என்பது அன்றாடம் நாவில் புழங்கும் சொல். மெத்தையும் குளிர்காற்றும் கூடுவதும் குறைவதுமே வகுப்பு என்று பயணிகள் எண்ணுகின்றனர். அது நல்ல நாளின் கணக்கு. தீய நாளில் வகுப்பு என்பது வசதியன்று, தூரம். உதவி வரும் இடத்திற்கும் நாம் இருக்கும் இடத்திற்கும் இடையே உள்ள தூரம் அது. கேம்பல் பே வாழ் தமிழ்க் குடும்பத்தார் கப்பலையே வண்டியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேயரிலிருந்து இத்தீவுக்கு வரும் வழியில் பங்க் வகுப்பில் பாயும் பையுமாகப் படுத்து வந்தவர்கள் இம்மலரைப் படிப்போருள் பலராவர். ஆதலின் 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் என்னும் கப்பலின் கீழ்த்தளங்களில் இருந்தோர் கதையை இங்குச் சொல்லத் துணிந்தோம்.

அக்கப்பலின் செல்வச் சிறப்பை அறியாதார் இல்லை. அதில் ஏறிய ஏழைகளை, அவர்களுள்ளும் அயர்லாந்து நாட்டாரை, அறிந்தவர் சிலரே. அவர்கள் கதையோ நம் கதைக்கு மிக அணித்தானது.

அயர்லாந்து, நம் நாட்டைப் போலவே, இலண்டனிலிருந்து ஆளப்பட்ட நாடு. அங்கு ஏழை மக்களின் உணவு உருளைக்கிழங்கு. 1845ஆம் ஆண்டு தொடங்கி அப்பயிர் நோயால் அழிந்தது. பெரும் பஞ்சம் மூண்டது. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுந்தோர் கப்பலேறினர். 1841இல் எண்பது இலட்சத்திற்கு மேலிருந்த மக்கள்தொகை 1911இல் ஏறத்தாழ நாற்பத்து நான்கு இலட்சமாகச் சுருங்கியது. பஞ்சம் நீங்கிய பின்பும் வெளியேறும் வழக்கம் நீங்கவில்லை. மகன் போய் மகளை அழைப்பான். மகள் போய்த் தங்கையை அழைப்பாள்.

நம் தமிழகத்திலும் 1876 முதல் 1878 வரை தாதுவருடப் பஞ்சம் வாட்டியதைப் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். இலங்கைத் தேயிலைக்கும், பர்மா நெல்வயலுக்கும், மலேயா இரப்பருக்கும் நம்மவர் சென்றதும் இத்தகைய வறுமையின் விளைவே. அயர்லாந்தார்க்குக் குயின்ஸ்டவுன் எப்படியோ, அப்படியே நமக்கு நாகப்பட்டினம். இரண்டு ஊரிலும் பெருங்கப்பல் கரையை அணையாது. கடலில் தள்ளி நிற்கும். சிறு கலங்களில் ஏறிச் சென்றே மக்கள் அதனை அடைவர். கரையில் நின்று கையசைக்கும் தாயின் உருவம் சிறுத்து மறையும் காட்சியும் இரண்டு ஊர்க்கும் பொது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் டைட்டானிக் குயின்ஸ்டவுனுக்கு வெளியே நங்கூரமிட்டது. அது அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டப்பட்ட கப்பல் என்பதும் நினைக்கத் தக்கது. அங்கு ஏறியவர் ஏறத்தாழ 120 பேர். அவருள் 113 பேர் மூன்றாம் வகுப்பினர். பெரும்பாலோர் இளைஞர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் கூலிவேலை தேடும் ஆண்களும் ஆவர். மேயோ மாவட்டத்து ஆடர்கூல் என்னும் ஒரே பங்கிலிருந்து மட்டும் 14 பேர் ஏறினர். அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அமெரிக்கா புறப்படும் முன்னிரவில் ஊரார் கூடி, இறந்தவர் வீட்டில் விழித்திருப்பது போலவே விடிய விடிய விழித்திருப்பர். போனவர் திரும்பார் என்பதே அதன் பொருள். ஆடர்கூல் மக்கள் விழித்திருந்த அவ்விரவு 11 பேர்க்கு மெய்யாகவே இறுதிச் சடங்காயிற்று.

இனிக் கப்பலின் அமைப்பைக் காண்போம். பிற கப்பல்களை நோக்க டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பு மேலானதே. படுக்கை உண்டு, மேசையில் உணவு உண்டு. ஊரில் அத்தகைய உணவைக் காணாதவரும் அவருள் இருந்திருப்பர். குறை வசதியில் இல்லை, இடத்தில் இருந்தது. தனியாக வந்த ஆடவர்க்குக் கப்பலின் முன்முனையிலும், பெண்டிர்க்கும் குடும்பத்தார்க்கும் பின்முனையிலும் கீழ்த்தளங்களில் அறைகள் ஒதுக்கப்பட்டன. உயிர்காப்புப் படகுகளோ உச்சித் தளத்தில், முதல் இரண்டு வகுப்பினர் உலாவும் இடத்தில் தொங்கின. கீழேயிருந்து அங்குச் செல்லத் தனிப்பாதை கிடையாது. நீண்ட நடைவழிகளையும் பிறர்க்குரிய படிக்கட்டுகளையும் கடந்தே செல்லவேண்டும். ஒலிபெருக்கி இல்லை. படகேறும் ஒத்திகையும் அவர்க்கு நடத்தப்படவில்லை.

மேலும் ஒன்று. மூன்றாம் வகுப்பினரை ஏனையோரிடமிருந்து பிரித்தே கொண்டுவர வேண்டும் என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். தொற்றுநோய் பரவாமல் தடுப்பதே அதற்குக் கூறிய காரணம். செல்வரைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து இறக்கிவிடுவர்; ஏழையரை எல்லிஸ் தீவுக்குக் கொண்டுசென்று கண்ணையும் நெஞ்சையும் சோதிப்பர். இச்சட்டத்தின் பொருட்டே கப்பலில் கதவுகளும் தடுப்புகளும் அமைந்தன. நோய்க்கு அஞ்சி வைத்த கதவு, நீர் ஏறும் வேளையில் வழியை மறித்தது.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11 மணி 40 நிமிடத்திற்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் அதிகாலை 2 மணி 20 நிமிடத்திற்கு மூழ்கியது. இடையே இருந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம். கப்பலில் இருந்தவர் சுமார் 2,200 பேர். இருபது படகுகளிலும் கொள்ளத்தக்கவர் 1,178 பேரே. இதில் சட்டமீறல் ஏதும் இல்லை என்பதே வியப்பு! 10,000 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பலுக்குப் பதினாறு படகு போதும் என்றது அந்நாளைய விதி. டைட்டானிக்கோ 46,000 டன்னுக்கு மேற்பட்டது. விதி கொள்ளளவைக் கணக்கிட்டது, ஆளைக் கணக்கிடவில்லை.

நீர் முதலில் புகுந்தது முன்முனையின் கீழ்த்தளத்தில். ஆகவே ஆபத்தைக் காலால் உணர்ந்தவர்களுள் மூன்றாம் வகுப்பு ஆடவரும் முன்னவர். கார்க் மாவட்டத்து இளைஞர் டேனியல் பக்லி என்பார் படுக்கையிலிருந்து குதித்தபோதே தரை நனைந்திருந்தது. அவர் மேலே ஏறிய வழியில் முதல் வகுப்புப் பகுதிக்குச் செல்லும் ஒரு சிறு கதவு இருந்தது. முன்னே சென்ற ஒருவரைக் கப்பலாள் கீழே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினான். தள்ளப்பட்டவர் பூட்டை உடைத்தார். பின்னே நின்றவர்கள் மேலேறினர். பக்லி ஒரு படகில் ஏறி அழுதுகொண்டிருக்க, பெண்மணி ஒருவர் தம் சால்வையை அவர்மேல் போர்த்தி மறைத்தார். இவற்றையெல்லாம் அமெரிக்கச் செனட் விசாரணையில் அவரே கூறினார். அவ்வாறு பிழைத்தவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து 1918ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சுப் போர்க்களத்தில் உயிர் நீத்தார்.

கப்பலாட்கள் அனைவரும் கொடியவரோ எனின், அல்லர். ஜான் ஹார்ட் என்னும் மூன்றாம் வகுப்புப் பணியாளர் பெண்டிரையும் குழந்தைகளையும் சிறு சிறு கூட்டமாகத் திரட்டி, இருமுறை கீழிருந்து உச்சித் தளம்வரை வழிகாட்டி அழைத்துச் சென்றார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு மேலே சேர்ந்தனர். வழிகாட்டி ஒருவன் வாய்த்தபோது ஏழையும் பிழைத்தான் என்பதற்கு இதுவே சான்று. அத்தகைய ஏற்பாடு எல்லார்க்கும் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்குமாயின், எத்தனை உயிர் எஞ்சியிருக்கும்!

இனி எண்களைப் பார்ப்போம். எண்களே எழுத்தரின் மொழியன்றோ? பிரித்தானிய விசாரணை அறிக்கையின்படி முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேரும், இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118 பேரும், மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேரும் பிழைத்தனர். நூற்றுக்கு 62, 41, 25 என்று படிப்படியாக இறங்குகிறது கணக்கு. பெண்டிரும் குழந்தைகளும் முதலில் என்பதே அன்றைய கட்டளை. அக்கட்டளையும் வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டது. முதல் வகுப்புப் பெண்டிர் 144 பேரில் இறந்தவர் நால்வர். மூன்றாம் வகுப்பில் 165 பேரில் 89 பேர். முதல் இரண்டு வகுப்புகளிலும் சேர்த்து மாண்ட குழந்தை ஒன்றே ஒன்று. மூன்றாம் வகுப்பில் மாண்ட குழந்தைகள் 52.

நடுநிலை பிறழாமல் மற்றொன்றும் சொல்லவேண்டும். இரண்டாம் வகுப்பு ஆடவர் 168 பேரில் 14 பேரே பிழைத்தனர். இது மூன்றாம் வகுப்பு ஆடவரினும் குறைவு. முதல் வகுப்பு ஆடவரிலும் பெரும்பாலோர் மாண்டனர். கப்பலாட்களோ 885 பேரில் 212 பேரே மீண்டனர். எனவே செல்வரெல்லாம் ஏழையரை மிதித்து ஏறிப் பிழைத்தனர் என்பது வரலாறு ஆகாது. ஏழையரைக் கொல்லுமாறு அன்று எவரும் ஆணையிடவில்லை. ஆணை வேண்டியிருக்கவில்லை, கப்பலின் அமைப்பே அவ்வேலையைச் செய்து முடித்தது.

விசாரணை நடந்த முறையும் அறியத்தக்கது. அமெரிக்கச் செனட் அவை மூன்றாம் வகுப்பினர் மூவரின் சாட்சியத்தைக் கேட்டது. இலண்டனில் மெர்சி பிரபு நடத்திய விசாரணையில் அவ்வகுப்பினர் ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பினர்க்கு ஓரவஞ்சனை நேரவில்லை என்று அவ்வறிக்கை முடிவுகட்டியது. கப்பலை விட்டு நீங்க அவர்கள் தயங்கினர், மூட்டை முடிச்சைப் பிரிய மனமில்லாதிருந்தனர், தங்கள் பகுதியிலிருந்து மேலே வருவது கடினமாக இருந்தது என்று காரணங்கள் கூறிற்று. மூட்டையைப் பிரிய மனமில்லையாம்! வங்கியிற் பணம் உடையவன் பெட்டியை விட்டுவிட்டு எழுவான். தன் உடைமை முழுதும் ஒரு மூட்டைக்குள் இருப்பவன் அதை விட்டு எளிதில் எழுவானோ? அயல்நாடு சென்ற நம் முன்னோர் எவரையும் கேட்டால் இதற்கு விடை கிடைத்திருக்கும்.

இறப்பிலும் வகுப்பு தொடர்ந்தது. உடல்களைத் தேடச் சென்ற மெக்கே-பென்னட் என்னும் கப்பல் 306 உடல்களை மீட்டது; 116 உடல்களைக் கடலிலேயே அடக்கம் செய்தது. அவ்வாறு கடலுக்குள் போனவருள் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினரும் கப்பல் தொழிலாளருமே. முதல் வகுப்பினர் உடல்கள் பெட்டிகளிலும், மற்றப் பயணிகளின் உடல்கள் கித்தான் பைகளிலும் கரை சேர்ந்தன.

நிற்க. நம் நாட்டவர் கதைக்கு வருவோம். டைட்டானிக்குக்கு 28 ஆண்டுகள் முன்னரே, 1884ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் இரவு, ‘சிரியா’ என்னும் பாய்க்கப்பல் பிஜித் தீவின் நசிலாய்ப் பவளத்திட்டில் மோதி உடைந்தது. கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட 497 இந்தியர் அதில் இருந்தனர். மாண்டவர் 59 பேர். அவர்கள் தமிழர் அல்லர். தென்னிந்தியர் பிஜிக்குச் செல்லத் தொடங்கியது 1903இல்தான். ஆயினும் நம் நாட்டு ஏழைகளே. நசிலாய் ஊர்ப் பிஜி மக்கள் முன்பின் அறியாத அவர்களை அலையினின்றும் மீட்டனர். மாண்டோரை அடக்கமும் செய்தனர். டைட்டானிக்கின் பெயரைச் சொல்லாத நாடில்லை. சிரியாவின் பெயரை நம் நாட்டிலேயே எத்தனை பேர் அறிவர்?

டைட்டானிக் மூழ்கியதால் உலகம் ஒரு பாடம் கற்றது. 1914ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் பல நாட்டார் கூடிக் கடலில் உயிர்காப்பு பற்றிய உடன்படிக்கை செய்தனர். கப்பலில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் படகில் இடம் வேண்டும் என்னும் கொள்கை அதில் நிலைபெற்றது. ஆனால் அந்த ‘ஒவ்வோர் உயிர்’ என்பதில் நம்மவர் உயிர் முழுமையாகச் சேர்ந்ததா? இக்கேள்வியை நாம் கேட்டேயாக வேண்டும்.

‘ரஜூலா’ கப்பலை நம் முதியோர் மறவார். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973வரை தமிழரைச் சுமந்தது அது. முதல் வகுப்பில் சில பத்துப் பேருக்கே அறை; மேல்தளப் பயணிகளாகத் தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பாய் விரித்த இடமே அவர்க்கு அறை. 1929இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, படுக்கையில்லாப் பயணிகளைத் திரளாக ஏற்றும் கப்பல்களுக்குச் சில விதிகளைத் தளர்த்திக்கொள்ள இடம் தரப்பட்டது. அதற்கெனவே 1931இல் ‘சிம்லா விதிகள்’ வகுக்கப்பட்டன. புனிதப் பயணிகளும் தோட்டத் தொழிலாளரும் செல்லும் கடல்வழிகளுக்கு அவை உரியவை. 1971இல் புதிய உடன்படிக்கை வரும்வரை அவ்விதிகளே வழிகாட்டின. அட்லாண்டிக் கடலில் அயர்லாந்து ஏழைகள் உயிர் கொடுத்துப் பெற்ற பாடம், வங்கக் கடலில் நம் ஏழைகளிடம் குறைந்த அளவிலேயே வந்து சேர்ந்தது. இதனையும் எவரும் தீய எண்ணத்தோடு செய்தனர் என்று சொல்வதற்கில்லை. கட்டணம் ஏறிவிடும், கப்பல் நின்றுவிடும் என்றே சொல்லியிருப்பர். ஏழையின் உயிரைக் குறைத்துக் கணக்கிடுவோர் அதனை ஏழையின் நன்மைக்காகவே செய்வதாகச் சொல்வது உலக வழக்கம்.

ரஜூலாவுக்குப் பின் அவ்வழியில் ஓடிய, வ. உ. சிதம்பரனாரின் பெயர் தாங்கிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பற்றிச் சுமார் 40 பேர் மாண்டனர். அத்துடன் அக்கப்பலின் காலமும் முடிந்தது.

தரையிலும் இதே கதை உண்டு. நம் இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் நீக்கப்பட்டது. ஆயினும் முன்பதிவில்லாப் பெட்டிகளைத் தொடரின் இரு முனைகளிலும் பூட்டும் வழக்கம் நீங்கவில்லை. டைட்டானிக்கில் ஏழையர்க்கு முன்முனையும் பின்முனையும் ஒதுக்கியதை இங்கு நினைவு கூர்க. 2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டி ஒடிசாவின் பகனாகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளானது. 290 பேருக்கு மேல் மாண்டனர். முன்பதிவு செய்தவர் பெயர் பட்டியலில் இருந்தது. பொதுப்பெட்டியில் நின்றும் நெருங்கியும் வந்தவர்க்குப் பட்டியலே இல்லை. உரிமை கோருவாரின்றி எஞ்சிய 28 உடல்கள் அவ்வாண்டு அக்டோபரில் எரியூட்டப்பட்டன. பயணச்சீட்டில் பெயர் எழுதும் தொழிலுடைய எம்மை நெடுநாள் உறங்கவிடாத செய்தி இது.

அன்பர்களே! இவற்றைச் சொல்வதன் நோக்கம் அச்சமூட்டுவதன்று. இன்று கப்பலில் எந்த வகுப்பில் ஏறினாலும் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, படகுத் தளத்திற்கு எந்தப் படி செல்கிறது என்று முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். மொழி தெரியாத பயணி பக்கத்தில் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். ஜான் ஹார்ட் செய்தது அவ்வளவே. அதுவே ஐம்பது உயிர்.

இரண்டாவதாக ஒரு வேண்டுகோள். ஆடர்கூல் பங்கின் லகார்டேன் ஊரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அதிகாலை 2 மணி 20 நிமிடத்திற்குக் கோயில் மணி ஒலிக்கிறது. மாண்ட 11 பேருக்கும் மீண்ட மூவருக்கும் அம்மணி ஒலிக்கிறது. நூறாண்டு கடந்தும் அப்பதினால்வர் பெயரையும் அச்சிற்றூர் மறக்கவில்லை. மூன்றாம் வகுப்பினர்க்கு நாடு பட்டியல் எழுதாவிடினும் ஊர் எழுதிவைத்தது.

1969ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இப்பெருந்தீவில் குடியேறின. அவருள் தமிழரும் இருந்தனர். பின்னர் வேறு தொழிலாக வந்தவரும் உளர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவில் எவற்றையெல்லாம் கொண்டுசென்றது என்பதை நீங்களே அறிவீர்கள். வந்தவர் யார், எந்த ஊரினர், எந்தக் கப்பலில் எந்த வகுப்பில் வந்தனர், அலை கொண்டுபோனவர் யார் என்னும் செய்திகளை முதியோர் இருக்கும்போதே கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவைக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறோம். பதவியில் இருந்தோர் பெயரைப் பதிய அரசு உண்டு. பங்க் வகுப்பில் வந்தோர் பெயரைப் பதிய நம்மையன்றி வேறு எவர் உளர்?

சங்கம் வளர்க! கடல் வழி செல்வோர் யாவரும் நலமே கரை சேர்க!